தில்லிக் குளிருக்குப் பின் வயரிங்கில் பச்சைக் களிம்பு: முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஆர்.கே.புரம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டில் வாங்கிய, கார்புரேட்டர் கொண்ட 350 சிசி மோட்டார் சைக்கிள். எங்கள் அரசுக் குடியிருப்பில் கூரையுள்ள நிறுத்துமிடம் கிடையாது என்பதால், டிசம்பர் இறுதியில் வண்டிமேல் தடித்த பிளாஸ்டிக் உறையைப் போட்டு, கீழே கயிறு கட்டி இறுக்கிவிட்டு, பொங்கலுக்காகக் குடும்பத்துடன் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தேன். ஜனவரிக் கடைசியில் திரும்பி வந்து உறையை நீக்கியபோது அதன் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. அன்று முதல் வண்டியின் மின்சார அமைப்பில் எதுவும் ஒழுங்காக இல்லை.

செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சு) 'டக்' என்று ஒலிக்கிறது, மோட்டார் சுற்றுவதில்லை. கிக்கர் அடித்து வண்டியைக் கிளப்பினால் முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது. பிரேக்கை மிதித்தால் ஹாரனின் ஒலி கம்முகிறது. கூடவே, போடாத பின்பக்க இண்டிகேட்டரும் லேசாக ஒளிர்கிறது. இவை அனைத்தும் காலையில் மோசமாகவும், நல்ல வெயில் அடித்த பிற்பகலில் ஓரளவு சரியாகவும் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முகப்பு விளக்கின் கூட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு மூன்று கப்ளர்களில் (வயர்களை மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்புக் கூடுகளில்) பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. பேட்டரியின் நேர்முனையைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கிறது. மல்டிமீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது. சந்தேகப்பட்ட வயர்களை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்துச் சோதித்தேன்; எல்லாமே ஒலிக்கின்றன.

அருகிலுள்ள மெக்கானிக் பேட்டரியையும் முழு வயரிங் கிட்டையும் மாற்றிவிடலாம் என்கிறார். அவர் சொல்லும் தொகை சிறியதன்று. எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. கடலும் இல்லாத, சாலையில் பனிக்காக உப்புத் தூவும் வழக்கமும் இல்லாத தில்லியில் இந்த அளவுக்குக் களிம்பு ஏறக் காரணம் என்ன? முழு வயரிங்கையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? நானே சுத்தம் செய்வதென்றால் எதிலிருந்து தொடங்குவது?

சிக்னல் பிரிவு, ஓய்வு எழுதியது:

வணக்கம். ரயில்வே சிக்னல் பிரிவில் ரிலேக்களோடும் கேபிள்களோடும் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அளந்து பார்க்கும் வரை பேட்டரியும் வாங்காதீர்கள், வயரிங் கிட்டும் வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளுள் மிகத் தெளிவாகப் பேசுவது, பிரேக்கை மிதிக்கும்போது போடாத இண்டிகேட்டர் ஒளிர்வது. பிரேக் விளக்கின் வழியாகச் சென்ற மின்னோட்டம் எர்த் வயர் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழி களிம்பால் அடைபட்டால், அது இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, வேறு எங்கோ கிடைக்கும் எர்த்தைத் தேடிப் போகும். போகும் வழியில் அந்த இழையையும் சற்றே ஒளிரச் செய்யும். ஆகவே உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் இணைப்புகள். செல்ஃப், ஹாரன், விளக்கு ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் கெடுவதற்கு மூன்று தனித்தனிக் காரணங்களைத் தேட வேண்டியதில்லை; மூன்றுக்கும் பொதுவான பாதை எதுவோ அதைத் தேடினால் போதும்.

இனி 'பீப்' சோதனையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நிலையில் மல்டிமீட்டர் வயருக்குள் செலுத்தும் மின்னோட்டம் மில்லி ஆம்பியர் அளவிலானது. வயருக்குள் இருபது செம்பு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சி, மற்றவை கறுத்து இற்றுப் போயிருந்தாலும் அந்தச் சிறு மின்னோட்டம் தடையின்றிப் போய்விடும். மீட்டரும் மகிழ்ச்சியோடு ஒலிக்கும். அதே வயரில் செல்ஃப் மோட்டார் கேட்கும் பல பத்து ஆம்பியர்கள் ஓட வேண்டிய வேளையில்தான் குட்டு வெளிப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இணைப்பில் 0.01 ஓம் மட்டுமே கூடுதல் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரால் அதைக் காட்டவே இயலாது. ஆனால் 80 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இணைப்பே 0.8 வோல்ட்டை விழுங்கிவிடும். இப்படி மூன்று இணைப்புகள் இருந்தால் மோட்டார் சுற்றத் திணறும். முகப்பு விளக்கிலும் இதே கதைதான். அதன் பாதையில் 0.4 ஓம் ஏறியிருந்தால் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே கரைந்து, வெளிச்சம் பாதியளவுக்கு வீழ்ந்துவிடும்.

எனவே ஓமை அளக்காமல், வேலை நடந்துகொண்டிருக்கும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்பதை அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வையுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனைக் காரீயத்தின் மீதே வையுங்கள்; அதில் மாட்டியிருக்கும் வளையத்தின் மீது வைத்தால், முனைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள களிம்பு கணக்கில் வராது. சிவப்புக் கம்பியை இன்ஜின் உறையில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில் வைத்து, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் பொத்தானை மூன்று நான்கு வினாடிகள் அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பாதை நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான். அதே முறையில் சிவப்புக் கம்பியைச் சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) வைத்து மற்றொரு முறை பாருங்கள். பிறகு நேர்முனைப் பக்கம் வந்து, பேட்டரி முனையிலிருந்து ரிலே போல்ட் வரை, ரிலேயின் இரு போல்ட்டுகளுக்கு இடையே, ரிலேயிலிருந்து மோட்டார் வரை எனத் துண்டு துண்டாக அளந்து செல்லுங்கள்.

உங்கள் மோட்டார் இப்போது சுற்றவே இல்லை என்பதால், இந்த அளவுகள் ஒருவேளை பெரும்பாலான இடங்களில் சுழியம் அருகில் நின்றுவிடக்கூடும். பாதை முற்றிலும் அறுந்திருந்தாலோ ரிலே இணையாமல் 'டக்' மட்டும் ஒலித்தாலோ அப்படி நேரும். அப்போது மின்னழுத்தம் எந்தத் துண்டின் இரு முனைகளுக்கிடையே பேட்டரியின் முழு அளவாக நிற்கிறதோ அந்தத் துண்டுதான் குற்றவாளி. விளக்கு, ஹாரன் போன்ற சிறிய வேலைகளில் ஒரு கப்ளருக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது.

பேட்டரியின் 12.5 வோல்ட் அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லாது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். இறங்காமல் நின்றால் மெக்கானிக்கின் கணிப்பைச் சந்தேகியுங்கள்.

கடற்காற்று எழுதியது:

நவி மும்பையில் வாஷிப் பக்கம் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது தில்லியின் துவாரகா பகுதியில் வசிக்கிறேன். அங்கே மழைக்காலத்துக்கு முன் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் டீசல் அடித்துவிடுவது வழக்கம். கப்ளர்களுக்கு டபிள்யூடி-40 போதும். ஒரு டப்பாவை வாங்கி எல்லா இணைப்புகளிலும் பீய்ச்சிவிட்டால் நீங்கள் இவ்வளவு அளக்க வேண்டிய தேவையே இராது என்பது என் கருத்து.

முனீர்க்கா ஆய்வு மாணவர் எழுதியது:

கடல் இல்லாத ஊரில் ஏன் இவ்வளவு அரிப்பு என்ற முதல் கேள்விக்கு விடை எழுதுகிறேன். வேதியியல் பயில்பவன் என்பதால் சற்று நீளும், பொறுத்தருள்க.

குளோரைடு கடலிலிருந்து மட்டும்தான் வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தலைமையிலான ஒரு குழு 2021இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, தில்லியின் குளிர்காலக் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் குளோரைடின் பங்கு மிக அதிகம் என்று காட்டியது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதிலிருந்தும் சில தொழிற்சாலை வேலைகளிலிருந்தும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்புகிறது. அது காற்றில் ஏற்கெனவே மிகுந்துள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகி, ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, இந்நகரின் மூடுபனிக்கே துணைபோகிறது என்பது அவர்கள் கண்டது. விடியற்காலையில் உங்கள் வண்டிமீது இறங்குவது வெறும் பனித்துளி அன்று. உப்பும் சல்ஃபேட்டும் கலந்த மெல்லிய கரைசல். சாலையில் உப்புத் தூவும் குளிர் நாடுகளில் வண்டியோட்டிகள் சவாரி முடிந்ததும் உப்பைக் கழுவிவிடுகிறார்கள். தில்லியிலோ டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை அரிது. படிந்தது படிந்தபடியே நாள்தோறும் புதிய பனியை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது.

இது கப்ளருக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பகலில் 20 டிகிரிக்கு மேலும் இரவில் 7 டிகிரி அளவிலும் நிற்கும் வெப்பநிலையில், கப்ளருக்குள் அடைபட்ட காற்று பகலில் விரிந்து வெளியேறி, இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. இழுக்கப்படுவது மூடுபனிக் காற்று. சூடான வண்டியை நிறுத்தியதும் இதே உறிஞ்சல் இன்னும் வேகமாக நடக்கும். உள்ளே சென்ற ஈரம் முனைகளில் மட்டும் தங்குவதில்லை. வயரின் மெல்லிய இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து செல்கிறது. வெளியே வயர் புதிதுபோல் தோன்றும். தோலை உரித்தால் செம்பு கறுத்திருக்கும்.

உங்கள் பிளாஸ்டிக் உறை இதற்குப் பெருந்துணை புரிந்திருக்கிறது. மண்ணிலிருந்து எழும் ஈரத்தை அது வெளியே விடாது. கீழே கயிறு கட்டிவிட்டதால் பகல் வெயிலிலும் உலராது. காற்றோட்டமுள்ள துணி உறை நல்லது. அதுவும் கிடைக்கவில்லை என்றால், உறையே இல்லாமல் வெயில் படும் இடத்தில் நிறுத்துவது இந்தப் பிளாஸ்டிக்கைவிட மேல்.

இன்னொன்று. கப்ளரில் எல்லா முனைகளும் ஒரே அளவில் அரிக்கப்படுவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். எப்போதும் பேட்டரியின் நேர்முனையோடு இணைந்திருக்கும் முனைதான் முதலில் கரையும். ஈரப்படலம் மின்பகு திரவமாகிவிட, நேர்மின்வாயாக நிற்கும் செம்பு அயனியாகிக் கரைந்து போகிறது. சாவியை அணைத்திருந்தாலும் சில வயர்களில் இது இரவு பகலாக நடக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டால் இந்தக் கரைதல் அநேகமாக நின்றுவிடும். செலவே இல்லாத காரியம் இது.

பித்தளைக் குண்டூசி முனைகளைக் குறித்தும் ஒரு செய்தி. அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால், உள்ளே இழுவிசை உள்ள பித்தளை வெடிப்பு விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன; காரணம் குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா என்று பிற்பாடு 1921இல் விளக்கினார்கள். உங்கள் வண்டியில் அவ்வளவு அம்மோனியா சேர வாய்ப்பில்லை. ஆயினும் தெருநாய்கள் தினமும் அடையாளம் வைத்துச் செல்லும் பின்சக்கரத்தை ஒட்டி ஏதேனும் கப்ளர் இருந்தால் அதைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள்.

இருசக்கரப் பயணி எழுதியது:

இரண்டு பழைய வண்டிகளை நானே பராமரிக்கும் பெண் என்ற முறையில் கைவேலையைப் பற்றி எழுதுகிறேன். அதற்குமுன், டீசல் அடிக்கச் சொன்ன நண்பருக்கு ஒரு மறுப்பு. டீசல் ரப்பர்ப் பாகங்களை உப்பச் செய்யும், தில்லிப் புழுதியை ஈர்த்துச் சேறாக்கும்; வயரிங் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுசெல்லவே வேண்டாம். டபிள்யூடி-40 நீரை விரட்டுவதற்காகப் பிறந்தது, அந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் அது களிம்பைக் கரைக்காது. சில வாரங்களில் ஆவியாகி மெல்லிய பிசுக்கை மட்டும் விட்டுப்போகும். ஈரமாகிவிட்ட கப்ளரை அவசரத்துக்கு உலர்த்த அதைப் பயன்படுத்தலாம். சுத்தம் செய்வதற்குக் 'கான்டாக்ட் கிளீனர்' என்று கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். முடித்த பிறகு அதைக் கடைசியாக மாட்டுங்கள். ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் தீப்பொறி எழாமல் இருக்க இந்த வரிசைதான் காப்பு. முனையிலுள்ள வெண்பொடி காரீய சல்ஃபேட். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். நீர் பேட்டரியின் மூடிகளுக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை அணியுங்கள். பிறகு முனையை இறுக்கிவிட்டு, வெளிப்புறத்தில் வாசலின் தடவினால் போதும்.

எர்த் போல்ட்டைத் தேட, இருக்கையையும் பெட்ரோல் டாங்கையும் கழற்ற வேண்டியிருக்கும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து புறப்படும் தடித்த வயரைப் பின்தொடர்ந்து சென்றால் அது இன்ஜினிலோ சேசிஸிலோ போய் முடியும். அங்கே போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் இருபுறமும் சேசிஸின் தொடுபரப்பும் பளபளக்கும் வரை தேயுங்கள். பெயின்ட் மீது வளையத்தை வைத்து இறுக்கினால், போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் போகும். மரையில் துரு ஏறியதும் கதை முடிந்தது. பல்லுள்ள வாஷரைச் சேருங்கள். இறுக்கி முடித்தபின் மேலே கிரீஸ் பூசுங்கள்.

கப்ளர்களுக்கு உப்புத்தாள் கூடாது. முனைகளின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு உண்டு. உப்புத்தாள் அதைச் சுரண்டிவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் களிம்பு இருமடங்காகத் திரும்பும். கான்டாக்ட் கிளீனரை அடித்து, மெல்லிய பித்தளைத் தூரிகையால் தேய்த்து, கப்ளரின் இரு பாதிகளையும் பத்துப் பதினைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள். முனைகள் ஒன்றையொன்று உரசிச் சுத்தமாகும். பெண் முனை (மற்ற முனையை உள்வாங்கும் முனை) தளர்ந்திருந்தால் கூரிய ஊசியால் மெல்ல நெருக்கிவிடுங்கள். களிம்பு முனையைத் தின்றுவிட்டிருந்தால் தயங்காமல் அந்த முனையை மாற்றுங்கள். வயரை வெட்டி, தோலை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் சிவந்த செம்பு தெரியும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு சாணுக்கு மேல் கறுப்பு போனால் அந்த வயரை மட்டும் புதிதாகப் போடுங்கள். கறுத்த செம்பின் மேல் புதிய முனையைக் கிரிம்ப் செய்வது (கருவியால் நசுக்கி இறுக்குவது) வீண்வேலை.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட நல்ல கிரிம்ப் மேலானது என்பது என் துணிபு. பற்றவைத்த இடத்தில் வயர் விறைத்துவிடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். உள்ளே பசையுள்ள சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்கினால் ஈரம் நுழையாது. கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் கோடையில் பசை வழிந்து அவிழ்ந்துகொள்ளும். வீட்டு வயரிங்குக்கான வயரைப் போடாதீர்கள். வண்டிகளுக்கென வரும் பல இழை வயரை, பழையதன் அதே தடிமனிலும் அதே நிறத்திலும் வாங்குங்கள். நிறம் மாறினால் பின்னாளில் வண்டியைத் திறப்பவர் உங்களைச் சபிப்பார். முனைகளும் கப்ளர் கூடுகளும் காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலும் கரோல் பாக்கிலும் கிடைக்கும். ஸ்லீவ், கிரிம்ப் கருவி ஆகியவற்றுக்குச் சாந்தினி சௌக் பாகீரத் பேலஸ் பக்கம் போகலாம். பழைய முனையைக் கையோடு கொண்டுபோங்கள், ஏனெனில் 6.3 மில்லிமீட்டர் முனையும் 2.8 மில்லிமீட்டர் முனையும் தவிர இடைப்பட்ட அளவுகளும் உண்டு.

முழு வயரிங் கிட்டைப் பொறுத்தவரை, எலி கடித்திருந்தாலோ தீப்பிடித்துக் கருகியிருந்தாலோ அது நியாயமான செலவு. உங்கள் நிலையில் அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிட்டை மாற்றினாலும் கைப்பிடியிலுள்ள சுவிட்சுகளும், எர்த் போல்ட்டின் துருவும், செல்ஃப் ரிலேயும் பழையவையாகவே இருக்கும்; பணம் போனபின் அதே நோய் அப்படியே நிற்கும்.

சிக்னல் பிரிவு, ஓய்வு எழுதியது:

சகோதரி எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். கிரீஸ் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை. கப்ளர்களுக்குச் சிலிகான் வகை டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மிகச் சிறந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் சிலர் அஞ்சுவார்கள். முனைகள் இறுகப் பொருந்தும்போது தொடும் புள்ளிகளிலிருந்து கிரீஸ் விலகிவிடும், சுற்றிலும் மட்டும் நின்று ஈரத்தைத் தடுக்கும். ஆனால் அதைச் சுவிட்சுக்குள்ளும் ரிலேக்குள்ளும் பூசக் கூடாது. அங்கே திறந்து மூடும்போது எழும் பொறியில் சிலிகான் சிதைந்து, மணலை ஒத்த சிலிகாப் படலமாகித் தொடுபரப்பை மூடிவிடும். சுவிட்சுகளுக்குச் சிலிகான் கலவாத கான்டாக்ட் கிரீஸே தகும்.

ஆர்.கே.புரம் வாசி எழுதியது:

ஐயா, சகோதரி, ஆய்வு மாணவர் ஆகிய அனைவருக்கும் மிக்க நன்றி. விடுமுறை நாளில் டாங்கைக் கழற்றி வேலையில் இறங்கினேன். எதிர்முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே மீட்டரை வைத்து மகளைச் செல்ஃப் பொத்தானை அழுத்தச் சொன்னபோது ஏறத்தாழ 11 வோல்ட் காட்டியது. அதாவது பாதை அறுந்தே இருந்தது. டாங்குக்குக் கீழே இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றியபோது வளையம் கையோடு உதிர்ந்து வந்தது. வயரின் கடைசி மூன்று அங்குலம் கறுத்திருந்தது. வெட்டிப் புதிய வளையத்தைக் கிரிம்ப் செய்து மாட்டியபின் அதே இடத்தில் 0.1 வோல்ட். செல்ஃப் இப்போது சுற்றுகிறது, பேட்டரி 10.6க்குக் கீழே இறங்கவில்லை. இண்டிகேட்டரின் பேய் வெளிச்சமும் மறைந்துவிட்டது.

முகப்பு விளக்கின் கப்ளர்களையும் சுத்தம் செய்தேன், வெளிச்சம் கூடியிருக்கிறது. ஆனால் ரெக்டிஃபையரிலிருந்து (ஏ.சி. மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றும் கருவி) வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கப்ளர் ஒருபக்கம் பழுப்பேறி, பிளாஸ்டிக் சற்று உருகியிருப்பதைப் பார்த்தேன். களிம்பு அதிகம் இல்லை. இதையும் சுத்தம் செய்து மாட்டினால் போதுமா?

சிக்னல் பிரிவு, ஓய்வு எழுதியது:

போதாது. பழுப்பேறியது சூட்டின் அடையாளம். முதலில் சிறிது களிம்பு, அதனால் தடை, தடையால் சூடு, சூட்டால் பெண் முனையின் இறுக்கம் தளர்தல், தளர்ந்ததால் மேலும் தடை என்று அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். 10 ஆம்பியர் ஓடும் முனையில் 0.1 ஓம் இருந்தாலே 10 வாட் வெப்பம் அந்தச் சிறு கூட்டுக்குள் பிறக்கிறது. இறுக்கம் இழந்த முனையைத் தேய்த்தாலும் இறுக்கம் திரும்பாது. 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்தே தீரும் என்பதால், இந்தக் கப்ளருக்கு ஓய்வும் கிடையாது.

கப்ளரின் இரு பாதிகளையும், ஆறு முனைகளையும் புதிதாக மாற்றுங்கள். மஞ்சள் வயர்கள் மூன்றும் ஏ.சி. என்பதால் அவற்றை எந்த வரிசையில் மாட்டினாலும் கேடில்லை. ஆனால் ரெக்டிஃபையரின் மறுபக்கத்திலுள்ள நேர், எதிர் வயர்களை ஒருபோதும் மாற்றி இணைக்காதீர்கள். சிலர் கப்ளரையே எடுத்தெறிந்துவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். அதைச் செய்ய வேண்டாம்.

மாட்டியபின் இன்ஜினைச் சற்று முறுக்கி, பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கு எரியும்போதும் 13.5க்குக் கீழே வரக் கூடாது. பிறகு அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைத்து, கப்ளரை விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், கிரிம்ப் சரியாக விழாத முனை ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. மூன்றில் எந்த வயரின் பக்கம் சூடு அதிகமோ அதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.